ஜூலையில் கடையை மூடுவதில்லை

பெல்லூனோ,
21 மார்ச் 1974

அன்புள்ள எல்வியோ அண்ணனுக்கு,

நான் நலம். விடுதியின் அடுப்பை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள், என் இருமலும் விடைபெற்றுக்கொண்டது. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று நான் உன் ஊரில் இருந்தேன் என்றால் நம்புவாயா? காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனால் கேட்டில் பூட்டு. ஆசிரியர்கள் வேலைநிறுத்தமாம். நானும் ஒர்னெல்லாவும் விடுதிக்குத் திரும்பத்தான் நினைத்தோம். வில்மா மட்டும் நகரவில்லை.

"பதுவா வண்டி இன்னும் கிளம்பலை" என்றாள்.

"சிஸ்டருக்குத் தெரிஞ்சா?" என்றாள் ஒர்னெல்லா.

"சிஸ்டரைப் பொறுத்தவரைக்கும் நாம உள்ள உக்காந்து கிரேக்கம் படிச்சுக்கிட்டிருக்கோம். அவங்க நிம்மதியை நாம ஏன் கெடுக்கணும்?"

அவ்வளவுதான். ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே புரிந்தது. ஃபெல்த்ரே தாண்டியதும் மலைகள் பின்வாங்கிக்கொண்டன, பூமி மேசை விரிப்பு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு வானத்தை நீ தினமும் எப்படித் தாங்குகிறாய்?

முதலில் அந்தோணியார் கோவில். கல்லறைமேல் உள்ளங்கையை வைக்க வரிசையில் நின்றோம். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பார் என்று வில்மா தன் இடது கையுறையைக் கேட்டாள். பொன் பேழையில் அவருடைய நாக்கைப் பார்த்தேன். எழுநூறு வருஷமாக அழுகாமல் இருக்கிறது. "பொய் சொல்லாத நாக்குதான் அப்படி இருக்கும்" என்றாள் ஒர்னெல்லா. "அப்போ உன்னது ஒரு வாரம் தாங்காது" என்றாள் வில்மா. பிறகு பெரிய மண்டபத்து மரக்குதிரை. பிறகு சுவரோவியத் தேவாலயம். அங்கே யூதாஸ் முத்தமிடும் படத்தின் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். அவனுடைய மஞ்சள் மேலாடை இயேசுவை ஏறக்குறைய முழுவதும் மூடிவிடுகிறது. அவன் முகத்தில் கோபமே இல்லை, கவனித்திருக்கிறாயா?

நீ டாக்டரானதும் தன் மூக்கை நேராக்கித் தர வேண்டும் என்று வில்மா சொல்லச் சொன்னாள்.

உன் அறைக்கு வர ஆசையாக இருந்தது. நேரம் போதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

உன் தங்கை,
நிவேஸ்


பெல்லூனோ,
21 மார்ச் 1974

அன்புள்ள இவானா அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று என் அப்பா அம்மாவிடம், உன் பெரியப்பா பெரியம்மாவிடம்தான், சொல். இந்தக் கடிதத்தை மட்டும் அவர்கள் கண்ணில் காட்டாதே. கடையில் உனக்கென்று ஓர் இடம் இருக்குமே, பால் டப்பாக்கள் அடுக்கும் அறை, அங்கே வைத்துப் படி.

நேற்று தோழிகளோடு பதுவா போனேன். அண்ணனுக்கு இன்று அதைப் பற்றி நீளமாக எழுதினேன். கடைசி வரி தவிர எழுதியதெல்லாம் உண்மை. எழுதாததை உனக்கு எழுதுகிறேன்.

பல்கலைக்கழக முற்றத்தில் பட்டம் வாங்கிய ஒருவனுக்கு லாரல் இலைக் கிரீடம் வைத்து, அவனைக் கேலி செய்து எழுதிய சுவரொட்டியை அவன் வாயாலேயே படிக்கவைத்து, நண்பர்கள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உடை. அந்த அம்மாவின் கையில் ஓர் அட்டைப்பெட்டி. காவலாளியிடம் மகன் பெயரைச் சொல்லி எந்த மண்டபம் என்று கேட்டார்கள்.

"சட்டத்துல இன்னிக்கு ஏழு பேரு. ஏழு பேரும் உள்ள போயாச்சு. அந்தப் பேர்ல யாரும் இல்லையே."

"நல்லாப் பாருங்கய்யா. இன்னிக்குத்தான். பையன் எழுதியிருந்தான். நாங்க ராத்திரி முழுக்க ரயில்ல வந்திருக்கோம், அவனுக்குக்கூடச் சொல்லலை" என்றார் அப்பா.

காவலாளி அவர்களையே பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். எனக்கு ஏனோ அந்த நாற்காலிதான் பயமாக இருந்தது.

நான் தோழிகளைத் தேவாலயத்தில் விட்டுவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லி, அண்ணன் அறைக்கு ஓடினேன். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தார். "எல்வியோவா? போன நவம்பர்லயே காலி பண்ணிட்டாரேம்மா. கடுதாசி மட்டும் இங்க வரும். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிட்டுப் போவார். தங்கமான பிள்ளை. எது கேட்டாலும் சிரிப்பார்." மாடிப்படியில் இறங்கிவந்த மாணவன் ஒருவன் நின்றான். "எல்வியோ இன்னும் இந்த ஊர்லதான் இருக்கானா? உடற்கூறு மூணு தடவை போச்சு. அதுக்கப்புறம் வகுப்புப் பக்கமே காணோம். ரெண்டு வருஷம் இருக்கும்."

திரும்பும் வழியில் காய்கறிச் சந்தை. அங்கே அவனைப் பார்த்தேன் அக்கா. சாக்குத் துணி ஏப்ரன் கட்டிக்கொண்டு முட்டைக்கோஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். கடைக்காரன் கத்தினான்: "டாக்டர், கொஞ்சம் வேகமா. கோஸுக்குக் காய்ச்சல் வந்துடப்போகுது." எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். நான் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். ஏன் மறைந்தேன் என்று கேட்காதே.

இதோடு முடியவில்லை. மாலையில் ஸ்டேஷனுக்குப் போகும்போது கால்வாய்ப் பாலத்தில் கூட்டம். தண்ணீரில் தீயணைப்புக்காரர்களின் படகு. கரையில் காலையில் பார்த்த அதே அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா பெட்டியை இன்னும் இறுக்கி வைத்திருந்தார். என்ன ஆயிற்று என்று வில்மா கேட்டதற்கு ஒரு பெண், "படிக்கிற பையன்" என்றாள். 

அண்ணன் தன் பட்டமளிப்புக்கு ஜூலை 18 என்று தேதி சொல்லியிருக்கிறான். யோசித்துப் பார். பிப்ரவரியில் ஜெர்மனிக்குப் போனால் அக்டோபர்வரை நம் ஆட்கள் யாரும் ஐஸ்கிரீம் கடையை ஒரு நாள்கூட மூடுவதில்லை. தாத்தாவின் அடக்கத்துக்கே அப்பா வரவில்லை. அப்பாவால் எந்த மாசம் வரவே முடியாதோ அந்த மாசத்தைத்தான் அவன் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

நான் என்ன செய்ய?

நிவேஸ்


பதுவா,
4 ஏப்ரல் 1974

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. மருத்துவமனையில் வேலை அதிகம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் யூதாஸின் முகத்தை நான் கவனித்ததில்லை. போய்ப் பார்க்கிறேன்.

நீங்கள் வந்தது புதன்கிழமையா? அன்று மாலை கால்வாய்ப் பக்கம் போனீர்களா? போயிருக்க மாட்டீர்கள். அந்தப் பக்கத்தில் பார்க்க ஒன்றுமில்லை.

ஆய்வேடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. பேராசிரியர் திருப்தியாக இருக்கிறார். ஜூலை 18 உறுதி. சீசன் நடுவில் யாரும் அலைய வேண்டாம் என்று வீட்டுக்கு எழுதிவிட்டேன். நீயும் வர வேண்டாம். ஐந்து நிமிஷம் கறுப்பு அங்கி போட்டவர்கள் முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். குளிர்காலத்தில் எல்லாரும் ஊரில் கூடும்போது பேசிக்கொள்ளலாம்.

வில்மாவின் மூக்கு எனக்கு நினைவிருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

அந்தப் பச்சைக் கோட்டு உனக்குச் சின்னது. கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது. அம்மாவிடம் சொல்லிப் புதிது வாங்கிக்கொள்.

அன்புடன்,
எல்வியோ


பெல்லூனோ,
9 ஏப்ரல் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மறுபடி எழுதுகிறேன்.

பச்சைக் கோட்டு ஒர்னெல்லாவின் அக்காவுடையது. மார்ச் மாதம்தான் எனக்குக் கொடுத்தாள். அண்ணன் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அது என்னிடம் இல்லை. அவனுக்கு எழுதிய கடிதத்தில் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் எழுதவில்லை.

அவன் என்னைப் பார்த்திருக்கிறான், அக்கா. நான் ஒளிந்துகொண்டதையும் பார்த்திருக்கிறான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். அதைத் தெரிவித்துவிட்டு, அதே கடிதத்தில் ஜூலை 18 உறுதி என்றும் எழுதுகிறான்.

சீக்கிரம் எழுது.

நிவேஸ்


காஸல்,
20 ஏப்ரல் 1974

என் அருமைப் புத்தகப்புழுவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். எனக்கு மட்டும் வலது கை இடது கையைவிடப் பெரிதாகிவிட்டது, கரண்டி பிடித்துப் பிடித்து. வேலைக்குப் போகாத நாளில்கூட என்மேல் வனிலா வாசனை. எந்த ஜெர்மன்காரனும் என்னைக் கட்டிக்கொள்ளாமல் போனால் அதற்கு இதுதான் காரணம்.

உன் இரண்டு கடிதங்களையும் படித்தேன். பால் அறையில் உட்கார்ந்துதான். பெரியம்மா வந்து, "என்னடி, காதல் கடுதாசியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பெரியப்பா எப்படி இருக்கிறார் தெரியுமா? முதல் தடவை கடைக்கு வருகிறவரிடம்கூட ஆரம்பித்துவிடுகிறார். ஓட்டை ஜெர்மனில், "ஜூலைல என் மகன் டாக்டர். ரெண்டு கரண்டியா, மூணு கரண்டியா?" நேற்று ஒரு கிழவர் தன் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டார். "ஜூலை வரைக்கும் பொறுத்துக்குங்க" என்றார் பெரியப்பா. கடையே சிரித்தது.

இந்த மனுஷனிடம் போய் நான் என்ன சொல்வது? சொன்னால் அன்று ராத்திரியே தொலைபேசியில் கத்துவார், ஊருக்கே கேட்கும்படி. அதற்குப் பிறகு எல்வியோ என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் இருந்தால், அவனாகவே குளிர்காலத்தில் சொல்லலாம். யாரும் வரப்போவதில்லை. ஜூலை வரும், போகும். பரீட்சையில் தோற்றவர்கள் எல்லாரும் தண்ணீரைத் தேடிப் போவதில்லை, நிவேஸ். அந்தப் பையனின் அப்பா அம்மா நேரில் வந்துவிட்டார்கள். அதுதான் வித்தியாசம்.

பொறுத்திரு. வாயைத் திறக்காதே. அவனுக்கு அடிக்கடி எழுது.

முத்தங்கள்,
இவானா


பெல்லூனோ,
5 மே 1974

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இப்போது அதற்குத் தேவையும் இல்லை. ஊர் முழுக்கச் செர்ரிப் பூ. நீ தூங்குகிறாயா? அதை மட்டும் உண்மையாக எழுது.

உனக்கு ஒரு செய்தி. கிரேக்கத்தில் எனக்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண். செப்டம்பரில் மறுதேர்வு எழுத வேண்டியிருக்கும் என்று ஆசிரியை இப்போதே சொல்லிவிட்டார். நம் வீட்டில் கிரேக்கம் தெரிந்த ஒரே ஆள் என்று அம்மா பெருமை பேசுவாளே, அந்த ஆளின் நிலைமை இது. மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சோறு இறங்கவில்லை. பிறகு அம்மாவுக்கு எழுதினேன். அவள் பதிலில் என்ன இருந்தது தெரியுமா? "பரவாயில்லை, போர்வையை வெயிலில் போட்டாயா?" அவ்வளவுதான் அண்ணா. நான் மூன்று நாள் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுதேர்வு இருப்பதால் இந்தக் கோடையில் நான் காஸலுக்குப் போகவில்லை. இங்கேயே இருப்பேன். நீ எந்த நாள் கூப்பிட்டாலும் வருவேன். ரயிலில் இரண்டு மணி நேரம்தான். காரணம் கேட்க மாட்டேன்.

உன் ஆய்வேடு எதைப் பற்றி? நீ சொன்னதே இல்லை.

உன் தங்கை,
நிவேஸ்


பதுவா,
12 ஜூன் 1974

அன்புத் தங்கைக்கு,

உன் மே மாதக் கடிதமும் அதற்குப் பிறகு வந்த மூன்றும் கிடைத்தன. பதில் எழுதாததற்குக் காரணம் எதுவும் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. நீ கேட்டதற்கு உண்மையான பதில்: இப்போது நன்றாகத் தூங்குகிறேன். ரொம்ப காலத்துக்குப் பிறகு.

ஆய்வேடு இதய வால்வுகளைப் பற்றி.

கிரேக்கத்தைப் பற்றி நீ எழுதியது நல்ல கடிதம். ஆனால் உனக்கு ஒரு பாடம், மூன்று நாள். ஒருவனுக்கு அது ஒரு வருஷமாகி, பிறகு இன்னொன்றும் சேர்ந்துவிட்டால், சொல்வதற்கு எந்த இடத்தில் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியாது. பொதுவாகச் சொன்னேன்.

உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். என் புத்தகங்கள், பேனா, மலையேற்றப் பூட்ஸ். பூட்ஸ் உனக்குப் பெரிது, இரண்டு காலுறை போட்டுக்கொள். எனக்கு இனித் தேவைப்படாது. கைக்கடிகாரம் அப்பாவுடையது, அதைப் பத்திரமாக வைத்திரு.

ஜூலை 18 அன்று நல்ல வெயிலாக இருக்கும் என்று நினைக்கிறேன். சந்தை முடிந்து, கற்களைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருப்பார்கள். அந்த நேரத்தில் இந்த ஊர் மிக அழகாக இருக்கும். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்க மாட்டார்கள். அதை நினைத்தாலே உடம்பு லேசாகிவிடுகிறது.

நன்றாகப் படி. நீ என்னைவிடத் தைரியசாலி.

எல்வியோ


காஸல்,
16 ஜூன் 1974

நிவேஸுக்கு,

எல்லாரும் நலம். இன்று வேடிக்கை எழுத வரவில்லை.

பெரியப்பா கடையை மூடப் போகிறார். ஜூலை 16, 17, 18, மூன்று நாள். நேற்று இரவுச் சாப்பாட்டில் சொன்னார். பெரியம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"ஜூலைலயா?" என்றார் பெரியம்மா. "உங்களுக்குக் காய்ச்சலா? ஊர்ல தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். அப்பன் செத்தப்ப மூடலை. நீ பிள்ளை பெத்தப்ப மூடலை. ஒரு தடவை மூடுறேன். ஒரு தடவைதானே டாக்டராவான்?" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "அவனுக்கு யாராவது மூச்சு விட்டீங்க, கொன்னுடுவேன். போய் முற்றத்துல நின்னு அவன் முகத்தைப் பார்க்கணும்" என்றார். கறுப்புக் கோட்டு தைத்தாகிவிட்டது. லாரல் கிரீடத்துக்கு ஒரு ஜெர்மன் பூக்கடையில் சொல்லிவைத்திருக்கிறார். அதை எடுத்துவர அட்டைப்பெட்டி கூடத் தயார். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு உன் மார்ச் மாதக் கடிதம்தான் நினைவுக்கு வந்தது.

பொறுத்திரு என்று சொன்னது நான்தான். யாரும் வரப்போவதில்லை என்று நம்பிச் சொன்னேன். இப்போது என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எல்வியோவிடம் சொன்னால், அவனுக்கு மிச்சமிருக்கிற நாளையும் பறித்துக்கொள்வோமோ? பெரியப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீ அவருடைய மகள். முடிவு உன்னுடையது. நீ எதை அனுப்பினாலும் அவர் கையில் நான் சேர்ப்பேன்.

இவானா


பெல்லூனோ,
23 ஜூன் 1974

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமென்று நம்புகிறேன். இதை இவானா அக்கா உங்கள் கையில் கொடுப்பாள். தயவுசெய்து கடையில் ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

அப்பா, அண்ணன் ஜூலை 18 அன்று பட்டம் வாங்கப்போவதில்லை. அவன் இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தேர்வு எழுதவில்லை. உடற்கூறில் மூன்று தடவை தோற்றான். காய்கறிச் சந்தையில் பெட்டி தூக்குகிறான். இதை யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை. மார்ச்சில் விடுதிக்குத் தெரியாமல் பதுவா போனேன், நானே பார்த்தேன். என்னை அதற்காகத் தண்டியுங்கள், ஆனால் பிறகு.

அன்று அங்கே ஒரு அப்பாவும் அம்மாவும் மகனுக்குச் சொல்லாமல் பட்டமளிப்புக்கு வந்திருந்தார்கள். அப்படி ஒரு பட்டமளிப்பே இல்லை. அவன் அவர்களை எங்கிருந்தோ பார்த்திருக்க வேண்டும். மாலையில் அவனைக் கால்வாயிலிருந்து எடுத்தார்கள். அந்த அப்பாவின் முகத்தை நினைவுபடுத்த எவ்வளவோ முயன்றேன். அந்தத் தொப்பியை நினைத்தால் உங்கள் முகம்தான் வருகிறது.

அண்ணன் தன் பொருள்களையெல்லாம் எனக்கு அனுப்பிவிட்டான். நீங்கள் கொடுத்த கைக்கடிகாரமும் இப்போது என்னிடம் இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதுகிறான்.

அவனுக்குத் தொலைபேசியில் எதுவும் சொல்லாதீர்கள். கோபமாக எழுதாதீர்கள். அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பதினாறு வயதுதான். தெரிந்ததை உங்களிடம் சொல்லிவிட்டேன். அவனைக் காட்டிக்கொடுத்ததாக அவன் நினைத்தால் நினைக்கட்டும்.

உங்கள் மகள்,
நிவேஸ்


காஸல்,
14 ஜூலை 1974, ஞாயிறு

நிவேஸுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். இன்று உன்னிடம் தொலைபேசியில் மூன்று நிமிஷத்தில் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் எப்படியோ முடிந்திருக்கும்.

உன் கடிதத்தைப் பெரியப்பா இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தார். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று எலுமிச்சை ஐஸ் கல்லாகிவிட்டது. அவர் கையில் எலுமிச்சை கெட்டு நான் பார்த்ததே இல்லை. பெரியம்மா படித்து அழுதார். பெரியப்பா அழவில்லை, கத்தவில்லை, பேசவே இல்லை. இரண்டு வாரம், நிவேஸ். வாடிக்கையாளர்கள் "டாக்டர் எப்படி இருக்கார்?" என்று கேட்டால், "எத்தனை கரண்டி?" என்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு நாள் மூடிய பிறகு, நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்:

"அவன் டாக்டராகலைன்னா என் மகனே இல்லைன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். போன வருஷம் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் அவர் மதுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி சொன்னது அதே வார்த்தைகள்தான். எல்வியோ எதிரே உட்கார்ந்திருந்தான். எல்லாரும் கைதட்டினோம். நானும்தான்.

"சொல்லியிருக்கேன்" என்றார் பெரியப்பா. நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார்.

நேற்று எல்வியோவிடமிருந்து கடிதம் வந்தது. நீங்கள் எனக்காகச் செய்த எல்லாவற்றுக்கும் நன்றி, இனி என்னால் உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, அம்மா முழங்காலுக்கு மருந்து போட மறக்க வேண்டாம் என்று இருந்தது. அது சனிக்கிழமை இரவு மேசைமேலேயே கிடந்தது. இன்று மத்தியானம் நல்ல வெயில். வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. நான் ஒரு குழந்தைக்கு ஸ்ட்ராபெரி போட்டுக்கொண்டிருந்தேன். பெரியப்பா கரண்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, வெளியே போய், இரும்புக் கதவைச் சடசடவென்று இழுத்துவிட்டார்.

"பியெரோ, என்னப்பா இது? எங்க ஐஸ்கிரீம்?" என்று யாரோ கத்தினார்கள்.

"உருகட்டும்" என்றார்.

கறுப்புக் கோட்டை எடுக்கவில்லை. அட்டைப்பெட்டியை எடுக்கவில்லை. ஏப்ரனோடுதான் ஸ்டேஷனுக்கு நடந்தார், நான்தான் மேடையில் வைத்து அதைக் கழற்றினேன். பெரியம்மா வீட்டுச் செருப்போடு போயிருக்கிறார். நாளை மாலை பதுவாவில் இருப்பார்கள். கோபமாகப் போகிறாரா என்று நீ தொலைபேசியில் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. நீ அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

இவானா


பதுவா, உன் கதவுக்கு வெளியே,
15 ஜூலை 1974

அண்ணா,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ ஒருமுறை "போயிடு நிவேஸ்" என்றாய். அதற்குப் பிறகு நான் எவ்வளவு தட்டியும் பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன். பென்சில்தான் இருக்கிறது, படிக்க முடியும் என்று நினைக்கிறேன். உன் பழைய வீட்டுக்காரம்மாவிடம் இந்த முகவரியை வாங்கினேன். கேட்டதும் கொடுத்துவிட்டார், அவரும் உன்னைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

கீழே சந்தையைக் கழுவுகிறார்கள். தண்ணீர்ச் சத்தம் இங்கே வரை கேட்கிறது. நீ எழுதியது சரி, அழகாகத்தான் இருக்கிறது. நான் அதைத் தனியாகப் பார்க்க விரும்பவில்லை.

அப்பாவுக்கு எழுதியது நான். இவானா அக்கா இல்லை, வில்மா இல்லை, நான். உடற்கூறு, சந்தை, எல்லாம் எழுதினேன். அன்று தூணுக்குப் பின்னால் ஒளியாமல் உன்னிடம் வந்து ஒரு பெட்டியைப் பிடித்திருந்தால் இதெல்லாம் தேவைப்பட்டிருக்காது. உனக்கு என்மேல் கோபம் இருக்கும். கதவைத் திறந்து திட்டு.

அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். 18ஆம் தேதிக்கு இல்லை. அந்தத் தேதி இப்போது யாருக்கும் இல்லை. இன்று மாலை வண்டியில் வருகிறார்கள், எல்லாம் தெரிந்து வருகிறார்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், தெருமுனை வரைக்கும் வரிசை. அப்பா கடையை மூடிவிட்டார். ஜூலையில், அண்ணா. யாரையும் பாராட்டுவதற்காக மூடவில்லை. உன்னைப் பார்ப்பதற்காக மூடினார். வந்து என்ன சொல்வார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, உன்னிடம் இனி எதையும் இனிப்பாக்கிச் சொல்ல மாட்டேன். கத்தலாம். அழலாம். ஆனால் அவர் கேள்வி கேட்கும்போது நீ தனியாக நிற்க வேண்டியதில்லை, நான் உன் பக்கத்தில் நிற்பேன். எங்கே தொடங்குவது என்று தெரியாது என்றாயே, தொடங்கும் வேலையை நான் முடித்துவிட்டேன். மிச்சம்தான் உன்னுடையது.

கொஞ்சம் முன்னால் கதவுக்குக் கீழே உன் காலின் நிழல் தெரிந்தது. இப்போது இல்லை. ஜன்னல் பக்கம் போய்விட்டாயா? இந்த வீட்டில் எத்தனை மாடி ஏறினேன் என்று நான் எண்ணவில்லை, எண்ணப் பயமாக இருந்தது. இந்தப் பக்கம் வா அண்ணா. கதவுப் பக்கம் வா.

இந்தத் தாளை முழுவதும் உள்ளே தள்ளப் போவதில்லை. பாதிதான் தள்ளுவேன். மறுபாதியை நான் விரலால் பிடித்துக்கொண்டிருப்பேன். நீ தொட்டால் எனக்குத் தெரியும்.

இழு.